ஆராதனைக் குரலும் காதல் பாட்டும்

1977ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் ‘ரிஜாய்ஸ்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதைப் பாடியவர்கள் ‘தி எமோஷன்ஸ்’ என்ற பெயரில் அறியப்பட்ட சிகாகோ நகரத்துச் சகோதரிகள். களிகூருமாறு ஏவும் அத்தலைப்பு கிறித்தவ வழிபாட்டிலிருந்து வந்தது. ஆனால் ஒன்பது பாடல்கள் அடங்கிய அத்தொகுப்பின் பெரும்பகுதி மனிதக் காதலையே பாடுகிறது. இதனால் எழும் கேள்வி இசை விமர்சனத்துக்கு உரியது என்பதைவிடச் சமயத் தத்துவத்துக்கு உரியது என்றே கொள்ள வேண்டும். இறைவனைத் துதிக்கப் பழகிய குரல், அதே ஏற்ற இறக்கங்களோடும் அதே கைத்தட்டலோடும் ஒரு மனிதனை நோக்கித் திரும்பும்போது அதிலுள்ள மகிழ்ச்சியின் இயல்பு மாறிவிடுகிறதா, அல்லது முன்னிலையில் நிற்பவர் மட்டுமே மாறி மகிழ்ச்சி முன்பிருந்தபடியே நிற்கிறதா என்பதே அக்கேள்வி.

அச்சகோதரிகள் பாடிய சோல் என்பது 1950களில் கறுப்பின அமெரிக்கர்களிடையே உருவான இசைவகை. அவர்களுடைய தேவாலயங்களில் பாடப்பட்ட காஸ்பல் என்னும் பக்திப் பாடல்முறையும், ப்ளூஸ் என்னும் துயர்ப்பாட்டு மரபும், மதுக்கூடங்களிலும் நடன அரங்குகளிலும் ஒலித்த தாள இசையும் அதில் ஒன்றுகலந்தன. அதன் கரடுமுரடைச் சற்றே மழித்து, வானொலிக்கும் பொதுச் சந்தைக்கும் ஏற்பச் சுருக்கமும் மெருகும் கூட்டியபோது சோல்-பாப் என்று சொல்லப்படுவது பிறந்தது. பெண்கள் மூவரோ நால்வரோ சேர்ந்து பாடும் குழுக்கள் இவ்வகையில் தொடக்கம் முதலே முன்னணியில் இருந்தன.

ஹட்சின்சன் சகோதரிகளின் வரலாறு இக்கேள்விக்கு மிகவும் பொருத்தமானது. தந்தை ஜோ ஹட்சின்சனின் வழிகாட்டலில் வான்டா, ஷீலா, ஜீனெட் ஆகிய மூவரும் சிறுமிகளாக இருந்தபோதே ‘ஹட்சின்சன் சன்பீம்ஸ்’ என்ற பெயரில் காஸ்பல் பாடிவந்தார்கள். காஸ்பல் குடும்பக் குழுவான ஸ்டேப்பிள் சிங்கர்ஸைச் சேர்ந்த பர்விஸ் ஸ்டேப்பிள்ஸ் அவர்களை மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் நிறுவனத்துக்கு அழைத்துச் சென்றார். ஐசக் ஹேஸும் டேவிட் போர்ட்டரும் தயாரிக்க, ஷீலா தம் பதின்பருவத்திலேயே எழுதிய ஒரு காதல் பாட்டு 1969இல் வெளியாகி, அவர்களைச் சோல் உலகத்துக்குள் கொண்டுவந்தது. இளைய சகோதரி பமேலா பின்னாளில் குழுவில் சேர்ந்தார். 1975இன் இறுதியில் ஸ்டாக்ஸ் திவாலானபோது சகோதரிகளும் நிறுவனமின்றி நின்றார்கள். அந்நிலையில், எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் தலைவரான மொரிஸ் வைட் அவர்களைத் தம் தயாரிப்பில் ஏற்றுக்கொண்டார். 1976இல் ‘ஃப்ளவர்ஸ்’, மறு ஆண்டில் ‘ரிஜாய்ஸ்’ என அடுத்தடுத்து வந்த தொகுப்புகளில் இரண்டாவது, சோல் இசைத்தொகுப்புகளின் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதன் முதல் பாடலான ‘பெஸ்ட் ஆஃப் மை லவ்’ அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்ததோடு கிராமி விருதையும் பெற்றது.

ஆலயத்தில் பாடியவர் வெளியே வந்து காதல் பாட்டுப் பாடுவது கறுப்பினச் சபைகளில் நெடுங்காலம் ஒரு வழுவலாகவே கருதப்பட்டது. இதை வெறும் ஆசாரக் கெடுபிடி என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. அதற்குள் ஒரு வாதம் இருந்தது. பாடகரின் குரல் அவருக்குத் தனிச்சொத்தாகக் கிடைத்ததன்று, சபை முழுவதும் சேர்ந்து ஞாயிறுதோறும் பதில் குரல் கொடுத்து வளர்த்தது, எனவே அது சபைக்கும் சபையின் வழியாகக் கடவுளுக்கும் உரிய காணிக்கை என்பது அவ்வாதம். காணிக்கையாக வைத்ததை எடுத்துச் சந்தையில் விற்பது எவ்வகைச் செயல் என்று கேட்ட முதியவர்களுக்கு எளிதில் விடை சொல்லிவிட முடியாது. காஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சன் ப்ளூஸ் பாட மறுத்தே வாழ்ந்தார். சிகாகோவில் வளர்ந்து சோல் ஸ்டிரர்ஸ் என்ற புகழ்பெற்ற காஸ்பல் குழுவில் பாடிவந்த சாம் குக், 1956இன் இறுதியில் தம் பக்திப் பாட்டொன்றையே காதல் பாட்டாகத் திருத்திப் பதிவு செய்தபோது, சபையாருக்கு அஞ்சி அதை டேல் குக் என்ற பொய்ப்பெயரில் வெளியிட நேர்ந்தது. குரலை மறைக்க முடியாததால் பெயர் மாற்றம் பயன்படவில்லை என்பது வேறு. 1954இல் ரே சார்ல்ஸ் காஸ்பல் மெட்டின் மேல் ஒரு பெண்ணைப் பற்றிய வரிகளை ஏற்றிப் பாடியபோது, பக்தர்கள் மட்டுமன்றிப் பழைய ப்ளூஸ் பாடகர்களும் முகம் சுளித்தார்கள்.

ஆனால் ஆலயப் பாட்டுக்கும் உலகத்துப் பாட்டுக்கும் இடையிலான இவ்வேலியின் வரலாறு அதைக் காத்தவர்கள் நினைத்த அளவுக்குத் தூய்மையானதன்று. காஸ்பல் இசையின் தந்தை என்று போற்றப்படும் தாமஸ் டார்சி, அதற்கு முன்பு ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் ப்ளூஸ் பியானோ வாசித்தவர். 1928இல் அவர் டாம்பா ரெட் என்பவரோடு சேர்ந்து பதிவு செய்த கொச்சையான வேடிக்கைப் பாட்டு நாடெங்கும் விற்றது. 1932இல் அவர் வெளியூரில் இருந்தபோது மனைவி நெட்டி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் தங்கவில்லை. அத்துயரத்திலிருந்து அவர் இயற்றிய ‘பிரஷஸ் லார்ட்’ இன்றுவரை உலகெங்கும் துக்க வீடுகளில் பாடப்படுகிறது. தெற்கு சிகாகோவின் பில்கிரிம் பாப்டிஸ்ட் சபையில் அவர் கட்டியெழுப்பிய பாடகர் குழு மரபின் நிழலில்தான் ஹட்சின்சன் சகோதரிகளின் தலைமுறை பாடக் கற்றது. ஆலயத்துக்குள் நுழைந்தபோது ப்ளூஸின் சுருதித் திரிபுகளையும் துள்ளலையும் வாசலில் விட்டுவிட்டு அவர் வரவில்லை. அதனால் பல சபைகள் தொடக்கத்தில் அவரை ஏற்கவும் இல்லை. உலகத்து இசை ஆலயத்துக்குள் போய், அங்கே ஒரு தலைமுறைக் காலம் தங்கி, மீண்டும் உலகத்துக்குத் திரும்பியது என்பதே சரியான வரலாறு. ஆலயத்தின் இசையை உலகம் திருடிக்கொண்டது என்ற குற்றச்சாட்டு இந்த இடத்தில் வலுவிழக்கிறது. காணிக்கை பற்றிய வாதம் மட்டும் எஞ்சுகிறது.

அவ்வாதத்தை ஆராயும் எவரும் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக இருந்த அகஸ்டினைத் தாண்டிச் செல்ல முடியாது. ‘அறிக்கைகள்’ என்ற நூலின் பத்தாம் பகுதியில், தேவாலயத்தில் பாடப்படும் சங்கீதங்கள், அதாவது விவிலியத்தின் துதிப்பாடல்கள், தம் செவிக்கு அளிக்கும் இன்பத்தையே அவர் விசாரணைக்கு உள்ளாக்குகிறார். பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமை தம்மை அதிகம் அசைத்த தருணங்களைப் பாவமாகவே எண்ணி வருந்துகிறார். அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் பாடுவதைவிட வாசிப்பதற்கே நெருக்கமான முறையில் சங்கீதத்தை ஓதச் செய்தார் என்பதை நினைத்து அதுவே பாதுகாப்பானதோ என்று தயங்குகிறார். பிறகு, தாம் மனம் திரும்பிய நாட்களில் அப்பாட்டுகளைக் கேட்டுச் சிந்திய கண்ணீரை நினைத்துப் பாட்டின் பக்கமே சாய்கிறார். இத்தயக்கம் ஒரு முக்கியமான செய்தியைக் காட்டுகிறது. புனிதத்துக்கும் இன்பத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு ஆலயத்தின் வாசற்படியில் போடப்பட்டதன்று. ஆலயத்துக்குள் பாடுபவரின் தொண்டைக்கும் கேட்பவரின் செவிக்கும் நடுவிலேயே அது கிடக்கிறது. துதிப்பாட்டைக் கேட்பவரும் வெறும் இனிமையில் மயங்கி நிற்கக் கூடும் என்றால், காதல் பாட்டைக் கேட்பவர் இனிமையைக் கடந்து செல்லக் கூடும் என்பதையும் முன்கூட்டியே மறுக்க இயலாது.

எமோஷன்ஸ் சகோதரிகளின் ஆலயக் குரலைக் காட்சியோடு காண ஒரு வாய்ப்பு உண்டு. லாஸ் ஏஞ்சலீஸின் வாட்ஸ் பகுதியில் 1965இல் மூண்ட கலவரத்தில் 34 பேர் மாண்டார்கள். அதன் ஏழாம் ஆண்டை ஒட்டி 1972 ஆகஸ்டு 20 அன்று ஸ்டாக்ஸ் நிறுவனம் அந்நகரின் பெரிய விளையாட்டரங்கில் ஒரு டாலர் நுழைவுக் கட்டணத்தில் நடத்திய இசைவிழாவை வைத்து எடுக்கப்பட்ட ஆவணப்படமே ‘வாட்ஸ்டாக்ஸ்’. அதில் எமோஷன்ஸ் பாடும் காட்சி அரங்கில் எடுக்கப்படவில்லை, வாட்ஸின் ஒரு சிறிய தேவாலயத்தில் எடுக்கப்பட்டது. அவர்கள் பாடும் ‘பீஸ், பி ஸ்டில்’ மாற்கு சுவிசேஷத்தில் இயேசு புயலை அடக்கும் நிகழ்வைச் சொல்வது. மேரி ஆன் பேக்கர் 1874இல் எழுதிய பழைய கீதம். அதைக் கறுப்பினச் சபைகளின் பாட்டாக ஆக்கியது ஜேம்ஸ் கிளீவ்லாண்ட், ஏஞ்சலிக் கொயர் என்னும் பாடகர் குழுவோடு நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரில் 1963 செப்டம்பர் 19 அன்று செய்த நேரடி ஒலிப்பதிவு. அதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் அலபாமாவின் பர்மிங்ஹாமில் வெள்ளை இனவெறியர்கள் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றிருந்தார்கள். அன்று பாடியவர்களுக்குப் புயல் என்பது உவமையாக இருந்திருக்க வழியில்லை.

வாட்ஸ்டாக்ஸின் அக்காட்சியில் பாட்டு மிகவும் மெதுவாக நகர்கிறது. ஒரு சொல்லைப் பல சுரங்களில் இழுத்து நீட்டும் முறை காஸ்பல் பாடகர்களின் அடையாளம். சகோதரிகள் அதைச் செய்யும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் சபையிலிருந்து ஒரு பதில் எழுகிறது. பாடுபவர் அழைக்க, கேட்பவர் பதில் சொல்லும் இம்முறை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பாட்டு வழக்கத்தில் வேர்கொண்டது. பதில் வராவிட்டால் பாட்டு மேலே செல்லாது. பரிசுத்த ஆவி ஒருவர் மேல் இறங்கி அவர் தம் நிலை மறந்து ஆடவும் கூவவும் தொடங்கினால், அவர் ‘மகிழ்ச்சியடைந்துவிட்டார்’ என்று சொல்வதே அச்சபைகளின் வழக்கு. எனவே மகிழ்ச்சி அங்கே ஒரு மனநிலையின் பெயர் மட்டுமன்று. பலர் கூடி உழைத்து வரவழைக்கும் ஒரு நிகழ்வு.

ஐந்தாண்டு கழித்து வந்த ‘பெஸ்ட் ஆஃப் மை லவ்’ பாட்டை இக்காட்சியின் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். மொரிஸ் வைட்டும் அவருடைய குழுவின் கிட்டார் கலைஞர் அல் மெக்கேயும் எழுதிய அப்பாட்டு ஏறத்தாழ மூன்றரை நிமிடம் ஓடுகிறது. நடன அரங்குக்கு ஏற்ற சீரான தாளம், கிட்டாரின் சிறு வெட்டுகள், நடுநடுவே எக்காளங்களின் பளிச்சிடல் ஆகியவற்றுக்கு மேலே வான்டாவின் குரல், பேச்சுக் குரலை அறவே விட்டுவிட்டு, மிக உயரத்தில் தொடங்கி அங்கேயே நிற்கிறது. பாட்டின் பொருள் மிகச் சிறியது. தம்மை மகிழ்விக்கப் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை என்றும், கிடைத்த அன்பே போதும் என்றும், தம் அன்பின் சிறந்த பகுதி அன்புக்குரியவரிடம் இருக்கிறது என்றும் அவர் சொல்கிறார். பல்லவி வரும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் சொல்லல்லாத ஒரு கூவல் எழுகிறது. கேட்பவர் முதலில் நினைவில் வைத்துக்கொள்வது பல்லவியின் சொற்களை அன்று, அந்தக் கூவலையே. கேட்ட மாத்திரத்தில் எவரும் சேர்ந்து கூவிவிடலாம். அதற்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை.

இதே அகஸ்டின் சங்கீதங்களுக்கு எழுதிய விரிவுரையில் இக்கூவலுக்கு இடம் உண்டு. கடவுளுக்கு ஆர்ப்பரித்துப் பாடுமாறு பணிக்கும் 32ஆம் சங்கீதத்தை (தமிழில் வழங்கும் சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் இது 33ஆவது) விளக்கும்போது, ‘ஜூபிலுஸ்’ என்னும் சொல்லற்ற ஆர்ப்பரிப்பு எது என்று கேட்டு, அறுவடைக் களத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் வேலை செய்பவர்களை அவர் எடுத்துக்காட்டுகிறார். அவர்கள் சொற்களோடு பாடத் தொடங்குகிறார்கள். மகிழ்ச்சி நிறைந்து வழியும்போது சொற்கள் அதைத் தாங்காமல் உதிர்ந்துவிட, வெறும் ஒலியாகவே பாடத் தலைப்படுகிறார்கள். சொல்லுக்கு அடங்காத கடவுளுக்கு இதைவிடத் தகுந்த பாட்டு எது என்பது அவருடைய முடிவு. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. களத்துமேட்டு உழைப்பாளிகள் பாடியது திருப்பாட்டு என்று அகஸ்டின் சொல்லவில்லை, அது உலகத்துப் பாட்டாகவே இருந்திருக்கலாம். ஆயினும் சொல்லைக் கடந்து மகிழ்வது எப்படி என்பதை ஆலயம் அவர்களிடமிருந்தே கற்க வேண்டும் என்கிறார். செவியின்பத்துக்கு அஞ்சிய அதே மனிதர், சொல் தீர்ந்த இடத்தில் எழும் ஒலிக்கு அஞ்சவில்லை.

களிகூரும்படி ஒருவரை ஏவ முடியுமா என்ற வினாவும் தொகுப்பின் தலைப்பிலேயே இருக்கிறது. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் எப்போதும் களிகூரும்படி வற்புறுத்துகிறார், அதுவும் சிறையிலிருந்து. 1785இல் வெளியான தம் ஒழுக்கவியல் நூலில் இம்மானுவேல் கான்ட், மனத்தின் இயல்பான சாய்வாகிய அன்பைக் கட்டளையிட்டுப் பெற முடியாது, கடமையால் செய்யும் நன்மையை மட்டுமே கட்டளையிட முடியும் என்று வாதிட்டார். அன்புக்குச் சொன்னது மகிழ்ச்சிக்கும் பொருந்துமானால் பவுலின் ஏவல் பொருளற்றதாகும். ஆனால் கான்ட் தனிமனிதனின் உள்ளத்தை மட்டும் எண்ணிப் பேசினார். சபையின் அனுபவம் வேறு. அங்கே எவரும் உள்ளே மகிழ்ந்த பிறகு கைதட்டுவதில்லை. கைதட்டத் தொடங்குகிறார்கள், பாட்டின் இறுதியில் ஒரே சுற்றை மீண்டும் மீண்டும் பாடி வேகமும் அழுத்தமும் ஏற்றும் ‘டிரைவ்’ என்ற பகுதியில் அடுத்தவரின் குரல் இவரைத் தூக்க, இவர் குரல் அடுத்தவரைத் தூக்க, மகிழ்ச்சி பிறகு வந்து சேர்கிறது. ஏவப்படுவது உணர்ச்சியன்று, பயிற்சி. உலையை ஏற்றிவைப்பது மட்டுமே மனிதர் வேலை என்பதுபோல, வருவது வரும் என்று காத்திருக்கவும் செய்கிறார்கள்.

இந்தப் பயிற்சி ஆலயத்துக்கு மட்டும் உரியதன்று என்று எழுத்தாளர் ஆல்பர்ட் மரே 1976இல் வெளியான ‘ஸ்டாம்பிங் தி ப்ளூஸ்’ நூலில் எழுதினார். சனிக்கிழமை இரவு நடன அரங்கில் கூடுபவர்கள் கேளிக்கைக்காக மட்டும் கூடவில்லை என்றும், வாரம் முழுதும் தம்மைச் சூழ்ந்த மனச்சோர்வை மிதித்து விரட்டும் ஒரு சடங்கையே அவர்கள் நிகழ்த்துகிறார்கள் என்றும், அது ஞாயிறு காலை வழிபாட்டோடு உறவுடைய ஒரு தூய்மைச் சடங்கு என்றும் அவர் கண்டார். கறுப்பின விடுதலை இறையியலைத் தோற்றுவித்த ஜேம்ஸ் கோன் 1972இல் ஆன்மிகப் பாடல்களையும் ப்ளூஸையும் ஒப்பிட்டு எழுதிய நூலில், ப்ளூஸை உலகியலில் நிற்கும் ஆன்மிகப் பாட்டு என்றே கருதினார். ஒடுக்கப்பட்டவர் தம் உடலையும் காதலையும் தமக்குரியவையாகப் பாடுவதே ஓர் உரிமைப் பிரகடனம் என்பது அவர் கருத்து.

இவ்விருவரின் சமரசம் கவர்ச்சியானது, ஆனால் சற்று அவசரமானது. எல்லாமே ஒன்று என்று சொல்லிவிட்டால் காணிக்கையைச் சந்தையில் விற்கலாமா என்று கேட்ட சபை முதியவர்களின் மனக்குறைக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லாமல் போய்விடும். அவர்களுடைய மிகக் கூர்மையான ஆட்சேபம் இசையைப் பற்றியதன்று, வணக்கத்தைப் பற்றியது. முழு இருதயத்தோடும் கடவுளை நேசி என்பது மோசேயின் சட்டம். அன்பின் சிறந்த பகுதியை ஒரு மனிதனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று துள்ளிப் பாடுவது அச்சட்டத்தை மீறுவதாகாதா? படைத்தவருக்குரியதைப் படைப்புக்குக் கொடுப்பதையே சமயம் விக்கிரக வணக்கம் என்று சொல்கிறது. அகஸ்டினின் மொழியில் சொன்னால், கடவுள் ஒருவரே தமக்காக அனுபவிக்கப்பட வேண்டியவர், பிற அனைத்தும் அவரை அடையும் வழியிலேயே நேசிக்கப்பட வேண்டியவை.

இவ்வாட்சேபத்துக்கு ‘பெஸ்ட் ஆஃப் மை லவ்’ பாட்டிலேயே விடை இருக்கிறது. விக்கிரகம் என்பது அதிகமாக நேசிக்கப்பட்ட பொருள் என்பதைவிட, மீட்பு வேண்டி அணுகப்பட்ட பொருள் என்று சொல்வதே சரி. காதலன் இன்றி உயிர் இல்லை, அவனே வந்து காக்க வேண்டும், அவன் போனால் உலகம் முடிந்தது என்று இறைஞ்சும் சோகப் பாட்டுகள் பாப் இசையில் ஏராளம். கடவுளிடம் கேட்க வேண்டியதை மனிதனிடம் கேட்பவை அவையே. கேட்பவர்கள் அவற்றை ஆழமானவை என்றும் துள்ளல் பாட்டை மேலோட்டமானது என்றும் தரம்பிரிப்பது வழக்கம். சமய நோக்கில் பார்த்தால் அந்தத் தரவரிசை தலைகீழாகிறது. வான்டாவின் பாட்டில் விண்ணப்பம் எதுவும் இல்லை. கிடைத்ததைச் சொல்லி மகிழ்வதோடு அது நின்றுவிடுகிறது. வழிபாட்டு மரபில் விண்ணப்பமும் துதியும் வேறு வேறு: முன்னது தேவையிலிருந்து பிறப்பது, பின்னது நிறைவிலிருந்து பிறப்பது. சகோதரிகள் ஆலயத்திலிருந்து கொண்டுவந்தவற்றில் குரல் வளைவுகளும் கைத்தட்டலும் மேற்பரப்பில் தெரிபவை; ஒன்றும் கேட்காமல் போற்றும் துதியின் இலக்கணமே அவர்கள் கொண்டுவந்ததில் முதன்மையானது. ஒரு மனிதனை இப்படிப் போற்றுபவர் அவனைக் கடவுளாக்குவதில்லை. கடவுளிடமிருந்து எதிர்பார்க்க வேண்டியதை அவனிடம் எதிர்பார்க்கவில்லை என்பதே அதற்குச் சான்று.

இதனால் இழப்பே இல்லை என்று ஆகிவிடாது. தொகுப்பின் இரண்டாம் பகுதியில், ஸ்கிப் ஸ்கார்பரோ எழுதிய ‘டோன்ட் ஆஸ்க் மை நெய்பர்ஸ்’ என்னும் மெல்லிசைப் பாட்டு இருக்கிறது. தன் அன்பு உண்மையா என்று அக்கம்பக்கத்தாரையும் தோழிகளையும் விசாரிக்க வேண்டாம், தன்னிடமே வந்து கேட்கட்டும் என்று ஒரு பெண் தன் காதலனுக்குச் சொல்வது அதன் பொருள். தொகுப்பின் மிகச் சிறந்த பாட்டு எது என்று கேட்டால் இதையே சொல்ல வேண்டும். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இறங்கும் விதத்தில் அவசரமே இல்லை. ஆனால் சபையின் முறைக்கு இது நேர் எதிரானது. கடவுள் தனக்குச் செய்ததை எல்லார் முன்னும் எழுந்து நின்று சொல்வதே அங்கே சாட்சி. அயலாரின் காதில் விழாத அனுபவத்துக்குச் சபையில் மதிப்பில்லை. காதல் பாட்டில் அயலார் வெளியே அனுப்பப்படுகிறார்கள். ஒலிப்பதிவுக் கூடத்திலும் அதுவே நிகழ்ந்தது. பதில் குரலைச் சபை கொடுக்கவில்லை, சகோதரிகளே தங்கள் குரல்களை அடுக்கித் தங்களுக்குத் தாங்களே பதில் கொடுக்கிறார்கள். இசைத்தட்டை வாங்கியவர் தம் வீட்டுக் கூடத்தில் தனியாக நின்று கூவினாலும் அது பாடுபவரின் காதுக்கு எட்டப்போவதில்லை. பாட்டின் முடிவும் அத்தகையது. ஆலயத்தில் ‘டிரைவ்’ பகுதி சபை நிறைவடைந்த பிறகே ஓயும். தட்டில் அது ஓயாமலேயே ஒலி படிப்படியாகக் குறைந்து மறைகிறது.

துயரத்தின் இடமும் குறைந்துதான் போயிற்று. ‘பீஸ், பி ஸ்டில்’ பாட்டில் புயல் முழுமையாக அடித்த பிறகே அமைதி வருகிறது. ‘ரிஜாய்ஸ்’ தொகுப்பில், கைநழுவிப் போன காதலைப் பற்றிய பாட்டு ஒன்று உண்டு என்றாலும், முதல் பாட்டின் மகிழ்ச்சி எந்த இரவைக் கடந்து வந்தது என்பதைப் பாட்டு சொல்வதில்லை. பாடியவர்களின் வாழ்க்கை அதைச் சொல்கிறது: நிறுவனம் கவிழ்ந்து, வருமானம் நின்று, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியவர்களின் குரல் அது. இதை அறியாத கேட்பவருக்கு அது இலேசான கோடைக்காலப் பாட்டாகவே ஒலிக்கும். அப்படி ஒலித்ததால்தான் அவ்வளவு விற்றது என்று ஐயுறவும் இடமுண்டு.

தொகுப்பின் கடைசி இரண்டு பாட்டுகளுக்கு ‘பிளெஸ்ட்’, ‘ரிஜாய்ஸ்’ என்று ஆலயத்துச் சொற்களே தலைப்புகள். வைட் தம் குழுவின் இசையிலும் எகிப்தியக் குறியீடுகளையும் கீழைநாட்டு ஆன்மிகத்தையும் கலந்து, எந்தச் சபையையும் சாராத ஒரு பொது ஆன்மிகத்தை நாடியவர். இறுதியில் இப்படி ஆசி கூறி அனுப்பும் அமைப்பில் அவருடைய கை தெரிகிறது. ஆயினும் களிகூரச் சொல்லும் கடைசிப் பாட்டைவிட, அதைச் சொல்லாமலே செய்துகாட்டிய முதல் பாட்டுதான் துதிக்கு அருகில் நிற்கிறது. சமயச் சொல் இருக்குமிடத்தில் சமயம் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளும் பழக்கத்துக்கு இத்தொகுப்பு ஒரு நல்ல மறுப்பு. அதேவேளை, சாட்சியும் பதில் குரலும் இல்லாத இடத்தில் அதை வழிபாடு என்று சொல்வதும் மிகையாகும். துதியின் வடிவம் இங்கே முழுமையாக இருக்கிறது, துதிக்கும் சபைதான் இல்லை.

இம்முடிவோடு உடன்படாதவர்கள் இருப்பார்கள். அவர்கள் முதலில் வாட்ஸ்டாக்ஸ் படத்தின் தேவாலயக் காட்சியை இடைநிறுத்தாமல் பார்த்துவிட்டு, அதன் பிறகு ‘ரிஜாய்ஸ்’ தொகுப்பைத் தனியாகக் கேட்காமல், சேர்ந்து கூவத் தயங்காத நாலைந்து பேரோடு அமர்ந்து முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாற்றாமல் கேட்க வேண்டும்.